மோட்டாரை மட்டும் நகர்த்துகிறோம்

எங்கள் பக்கம் எந்த ஆலையில் பம்ப் படுத்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "அலைன்மென்ட் பார்த்தாச்சா?" பார்த்தாச்சு என்றால் ரிப்போர்ட் எங்கே என்பார்கள். ரிப்போர்ட்டில் எல்லாக் கட்டமும் பச்சையாக இருந்தால் விசாரணை அத்தோடு முடிந்தது. ஷாஃப்ட் வழியாகத் திரவம் ஒழுகாமல் தடுக்கும் சீலை விற்றவரை நாலு வார்த்தை திட்டிவிட்டு, புது சீலுக்கு ஆர்டர் போட்டுவிட்டு, எல்லோரும் டீ குடிக்கப் போய்விடுவார்கள். கேள்வி தவறு என்று சொல்ல வரவில்லை. பம்ப் ஷாஃப்டும் மோட்டார் ஷாஃப்டும் ஒரே கோட்டில் இல்லையென்றால் பேரிங் சூடாகும், சீல் ஒழுகும், இரண்டு ஷாஃப்டையும் இணைக்கும் கப்ளிங்கின் ரப்பர் கறுப்புப் பொடியாகி அதன் மூடிக்கு அடியில் கொட்டிக் கிடக்கும். அதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. எனக்கு உறுத்துவது வேறு. அந்தக் கேள்விக்கு 'ஆம்' என்று பதில் வந்தவுடன் மற்ற எல்லாக் கேள்விகளும் வாயை மூடிக்கொள்கின்றன. ஒரு பம்ப் இதை எனக்குக் காட்டிக் கொடுத்தது. அதை எழுதிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெருந்துறை பக்கம் ஒரு ப்ராசஸிங் மில். சாயம் போட்ட துணியை இழுத்துப் பிடித்துக் காய வைக்கும் ஸ்டென்டர் மெஷின்களுக்குச் சூடு கொடுப்பது தெர்மிக் ஃப்ளூயிட், அதாவது சூடேற்றிய எண்ணெய். ஹீட்டரிலிருந்து கிளம்பி, ஸ்டென்டரைச் சுற்றி, திரும்ப ஹீட்டருக்கு வரும். இரவு பகலாக அதைத் தள்ளிக்கொண்டிருக்க இரண்டு பம்ப். ஒன்று ஓடும், மற்றது ஸ்டாண்ட்பை. எண்ணெய் 250 டிகிரி பக்கம் இருக்கும். தண்ணீர் பம்பில் சீல் ஒழுகினால் தரை நனையும், அவ்வளவுதான். இங்கே ஒழுகினால் புகை வரும், அந்த எண்ணெய் பைப் மேல் சுற்றியிருக்கும் இன்சுலேஷனில் ஊறினால் தீயே பிடிக்கலாம். பம்பை நிறுத்திவிட்டுச் சும்மா இருக்கவும் முடியாது. ஓட்டம் நின்றால் ஹீட்டர் காயிலுக்குள் தேங்கும் எண்ணெய் வெந்து கரியாகும். இப்படிப்பட்ட இடத்தில் ஒன்றாம் நம்பர் பம்ப் சில மாதங்களுக்கு ஒரு சீலைத் தின்றுகொண்டிருந்தது. நான் அங்கே போய்ச் சேரும்போதே அது பழைய கதை. ஒவ்வொரு முறையும் வெளியிலிருந்து ஒரு சர்வீஸ் குழு லேசர் பெட்டியோடு வரும், அலைன்மென்ட் செய்யும், கலர் பிரிண்ட்டில் ரிப்போர்ட் கொடுக்கும். ஃபைலில் அப்படிப்பட்ட ரிப்போர்ட்டுகள் வரிசையாக இருந்தன. எல்லாம் பச்சை.

லேசர் மேல் எனக்குக் கோபம் இல்லை

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பழைய காலத்து ஃபிட்டர்கள் காதை வைத்துப் பார்த்தே சொல்லிவிடுவார்கள், இந்த லேசர் எல்லாம் வேஸ்ட் என்று பேசுகிற கட்சியில் நான் இல்லை. பழைய முறைகளின் கஷ்டம் என்னவென்று செய்தவர்களுக்குத் தெரியும். கப்ளிங் மேல் ஸ்கேலை வைத்து வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பது, நடுவில் ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை விட்டு நாலு பக்கமும் இடைவெளி பார்ப்பது எல்லாம் மெதுவாக ஓடும் சின்ன பம்புக்குச் சரி. அதற்கு மேல் டயல் கேஜ், அதாவது நுனி தொடும் இடம் எவ்வளவு அசைகிறது என்று முள்ளால் காட்டும் கருவி. டயல் கேஜ் வந்தால் கூடவே கணக்கும் வரும். மேலே பூஜ்யம் வைத்து ஷாஃப்டை அரைச் சுற்று சுற்றிக் கீழே 0.40 மி.மீ. என்று காட்டினால், ஷாஃப்ட் விலகியிருப்பது 0.20 தான், முள் எப்போதும் இரட்டிப்பாகத்தான் சொல்லும். மேலே பூஜ்யம் என்றால் இடது, வலது ரீடிங் இரண்டையும் கூட்டினால் கீழ் ரீடிங் வர வேண்டும். வரவில்லையென்றால் எங்கேயோ கேஜ் நழுவியிருக்கிறது, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இது போதாதென்று, டயல் கேஜைத் தாங்கும் கம்பி தன் எடையாலேயே கொஞ்சம் தொங்கும். இரண்டு கப்ளிங்குக்கும் நடுவே ஸ்பேசர் என்ற நீளமான இடைத்துண்டு இருந்தால் அந்தத் தொங்கலே, நாம் தேடும் பிழையைவிடப் பெரிதாக இருக்கும். அதை முன்கூட்டியே ஒரு நேரான பைப்பில் மாட்டி, சுற்றிப் பார்த்து, எழுதி வைத்துக் கழிக்க வேண்டும். இதையெல்லாம் இரவு 2 மணிக்கு, புரொடக்‌ஷன் மேனேஜர் பின்னாலேயே நிற்கும்போது செய்ய வேண்டும்.

ஜெர்மனியின் ப்ரூஃப்டெக்னிக் நிறுவனம் 1984-ல் ஆப்டலைன் என்ற லேசர் கருவியைக் கொண்டு வந்தபோது இந்தத் தலைவலி முக்கால்வாசி ஒழிந்தது. வெளிச்சத்துக்கு எடை கிடையாது, அதனால் தொங்கல் இல்லை. கணக்கைப் பெட்டியே போடும். மோட்டாரின் முன்காலில் இத்தனை ஷிம் (உயரம் சரிசெய்யும் மெல்லிய தகடு) போடு, பின்காலில் இத்தனை எடு என்று நேராகச் சொல்லிவிடும். எங்கள் மில்லின் மூத்த ஃபிட்டர், முப்பது நாற்பது வருஷம் டயல் கேஜோடு வாழ்ந்த மனிதர், அவரே லேசரைத்தான் விரும்புவார். "கண்ணுக்கு வேல கொறஞ்சுதுங்க" என்பார்.

ஆகவே ரிப்போர்ட் பொய் சொல்லவில்லை. 3000 ஆர்பிஎம் பக்கம் ஓடும் மெஷினுக்கு ஷாஃப்ட் விலகல் 0.03 மி.மீ. என்றால் அருமை, 0.06 வரை பரவாயில்லை என்பது தொழிலில் பரவலாக வைத்துக்கொள்ளும் அளவு. தலைமுடியின் தடிமன் சுமார் 0.07 மி.மீ. எங்கள் ரிப்போர்ட்டுகள் அந்த எல்லைக்குள் சௌகரியமாக இருந்தன. கப்ளிங் கேட்லாக்கைக் காட்டி, 'நடுவே ரப்பர் வைத்த ஜா கப்ளிங்கே 0.38 மி.மீ. வரை தாங்கும், நீங்கள் ஏன் 0.05-க்குச் சண்டை போடுகிறீர்கள்' என்று கேட்பவர்கள் எல்லா ஆலையிலும் உண்டு. கப்ளிங்கில் இருக்கும் ரப்பர் தாங்கும், சரி. ரப்பர் தாங்கும்போது அது திருப்பித் தள்ளும் விசை எங்கே போகிறது? பேரிங்குக்கும் சீலுக்கும்தான். மெக்கானிக்கல் சீலின் இரண்டு முகங்களும் ஒரு மைக்ரானுக்குள் சமதளமாகத் தேய்க்கப்பட்டவை. அந்தச் சமதளத்தை அளக்க ஒளிப் பட்டைகளைத்தான் எண்ணுவார்கள், ஒரு பட்டை 0.29 மைக்ரான். அப்படிப்பட்ட பொருளை, கப்ளிங் தாங்குமே என்ற நம்பிக்கையில் விட முடியாது. பேரிங் கணக்கும் கொடுமையானது. சுமை கூடினால் ஆயுள் அதன் மும்மடிப் பெருக்கத்தில் குறையும். பால் பேரிங்கில் 20 சதவீதம் சுமை கூடினால் ஆயுளில் 40 சதவீதத்துக்கு மேல் போய்விடும். லேசர் விற்பவர்கள் இதைச் சொல்லி விற்றாலே போதும். அதை விட்டுவிட்டு, அலைன்மென்ட் செய்தால் கரண்ட் பில் குறையும் என்று சொல்வது ஏனோ தெரியவில்லை. 1990-களில் அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கப்ளிங் அனுமதிக்கும் எல்லைக்குள் இருக்கும்வரை மோட்டாரின் திறனில் குறிப்பிடும்படியான மாற்றம் இல்லை என்றுதான் வந்தது.

ஆறிய மெஷினின் அளவு

எங்கள் பம்பில் முதல் சந்தேகத்தைக் கிளப்பியது வைப்ரேஷன் ரீடிங். மோட்டார் 45 கிலோவாட், 2970 ஆர்பிஎம். அதாவது நொடிக்கு 49.5 சுற்று. ஷாஃப்டுகள் விலகியிருந்தால் சுற்றும் வேகத்தைப்போல் இரண்டு மடங்கில், 99 ஹெர்ட்ஸில், ஒரு அதிர்வு எழும்புவது வழக்கம். அங்கே அது நன்றாகவே எழும்பியிருந்தது. ஆனால் மின்சாரத்தால் வரும் அதிர்வு 100 ஹெர்ட்ஸில் வரும். சாதாரண மீட்டரில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். எனவே மெக்கானிக்கல் ஆட்கள் மோட்டார் கோளாறு என்றார்கள், எலக்ட்ரிக்கல் ஆட்கள் அலைன்மென்ட் கோளாறு என்றார்கள். இந்தப் பஞ்சாயத்தைத் தீர்க்க எளிய வழி உண்டு. ரீடிங் எடுத்துக்கொண்டிருக்கும்போதே மோட்டாரை ஆஃப் செய்ய வேண்டும். மின்சார அதிர்வு என்றால் ஸ்விட்சை அணைத்த அந்த நொடியிலேயே காணாமல் போகும். எங்களுடையது போகவில்லை. வேகம் குறையக் குறைய மெதுவாக இறங்கியது. ஆக, ஓடும்போது ஷாஃப்டுகள் விலகித்தான் இருக்கின்றன. நிறுத்தி, ஆறவிட்டு, லேசர் வைத்துப் பார்த்தால் நேராக இருக்கின்றன.

ஆறவிட்டு என்பதில்தான் பாதி விஷயம் இருந்தது. மோட்டாரின் பெயர்ப்பலகையில் 225 என்று இருக்கும் ஃபிரேம் நம்பர் வெறும் நம்பர் இல்லை. கால் வைக்கும் இடத்திலிருந்து ஷாஃப்ட் மையம் வரை 225 மி.மீ. உயரம் என்று பொருள். வார்ப்பிரும்பு ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, சுமார் 0.011 மி.மீ. வளரும். ஓடும்போது மோட்டார் உடம்பு 35 டிகிரி சூடேறினால் ஷாஃப்ட் 0.09 மி.மீ. மேலே போகும். பம்ப் கதை வேறு. எண்ணெய் 250 டிகிரி என்றாலும் பம்பின் கால் முழுக்க அவ்வளவு சூடு இருக்காது. மேலே கொதிக்கும், அடியில் பேஸ் ஃபிரேமைத் தொடும் இடத்தில் கை வைக்கிற சூடுதான். கால் சராசரியாக 100 டிகிரி ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால், 250 மி.மீ. உயரத்துக்கு 0.27 மி.மீ. மேலே போகும். வித்தியாசம் 0.18. ஆறிய நிலையில் தலைமுடி தடிமனுக்குள் நேராக வைத்த ஷாஃப்டுகள், ஓட ஆரம்பித்த ஒரு மணி நேரத்தில் அந்த எல்லையைப்போல் மூன்று மடங்கு விலகிவிடும். பெரிய பவர் ஹவுஸ் பாய்லர் ஃபீட் பம்புகளில் காலை அடியில் வைக்காமல் ஷாஃப்ட் மையத்தின் உயரத்திலேயே இரண்டு பக்கமும் தாங்கல் கொடுத்திருப்பார்களே, அது இதற்காகத்தான். கோயம்புத்தூர் மோனோபிளாக் பம்புகளில் இந்தப் பிரச்சினையே எழாது. ஒரே ஷாஃப்ட், கப்ளிங்கே கிடையாது. கிணற்றுத் தண்ணீருக்கு அது போதும். பெரிய மோட்டாரும் சூடான திரவமும் வந்துவிட்டால் பெரும்பாலும் இரண்டையும் பிரித்துத்தான் வைக்க வேண்டியிருக்கிறது.

லேசர் பெட்டியும் இதைக் கேட்கிறது என்பதுதான் வேடிக்கை. சூட்டில் எது எவ்வளவு வளரும் என்று நிரப்ப ஒரு திரை வரும். எங்கள் ரிப்போர்ட் எல்லாவற்றிலும் அந்த இடத்தில் பூஜ்யம். சர்வீஸ் குழுவிடம் கேட்டபோது, "நீங்க குடுத்தா போட்டிருப்போம் சார்" என்றார்கள். நியாயமான பதில்தான். மூத்த ஃபிட்டரிடம் கேட்டேன். அவர் காலத்தில் சூடான பம்புக்கு மோட்டாரைக் கொஞ்சம் தூக்கித்தான் வைப்பார்களாம், எவ்வளவு என்பதைப் பழக்கத்தில் சொல்வார்களாம். லேசர் வந்த பிறகு பூஜ்யம் வரவில்லையென்றால் கையெழுத்துப் போட மறுக்கிறார்கள், அதனால் விட்டுவிட்டோம் என்றார்.

சரி, கணக்குப் போட்டு மோட்டாரை 0.18 உயர்த்தி வைத்தோம். அதிர்வு குறைந்தது. நன்றாகவே குறைந்தது. எல்லோரும் கைகுலுக்கினார்கள். அப்புறம் சீல் மறுபடி ஒழுகியது. முன்பைவிடக் கொஞ்சம் தாமதமாக, அவ்வளவுதான்.

சக்‌ஷன் ஃபிளாஞ்ச்

அந்த முறை சீல் மாற்ற பம்பைத் திறப்பதற்கு முன்பு மூத்த ஃபிட்டர் என்னிடம் வந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "சார், மோட்டார எத்தன தடவ வேணும்னாலும் நகத்தித் தர்றேனுங்க. ஆனா பம்பு அது எடத்துல இருக்குதானு யாராச்சும் பாத்தாங்களா?" பம்ப் எங்கே போகப்போகிறது, போல்ட் போட்டு இறுக்கி, அடியில் கிரவுட் (சிமென்ட் கலவை) ஊற்றி வைத்திருக்கிறதே என்று பக்கத்திலிருந்த சூப்பர்வைசர் சிரித்தார். அவர் சிரிப்பதைப் பொருட்படுத்தாமல் இவர் இரண்டு டயல் கேஜ் கேட்டார். லேசர் வேண்டாம் என்றார்.

பம்பை ஆறவிட்டு, இரண்டு வால்வையும் மூடி, பூட்டுப் போட்டு, உள்ளே இருந்த எண்ணெயை வடித்தோம். கேஜ்களின் ஸ்டாண்டை மோட்டார் பக்கக் கப்ளிங்கில் நிறுத்தினார். ஒரு முள்ளின் நுனி பம்ப் பக்கக் கப்ளிங்கின் உச்சியில், இன்னொன்று பக்கவாட்டில். இரண்டையும் பூஜ்யத்தில் வைத்தார். கப்ளிங்கை யாரும் தொடக் கூடாது, ஷாஃப்டைச் சுற்றக் கூடாது. அப்புறம் ஹெல்பர் பையனிடம், "சக்‌ஷன் ஃபிளாஞ்ச் போல்ட்ட ஒண்ணுவிட்டு ஒண்ணு கழட்டு கண்ணு, மெதுவா" என்றார். எண்ணெய் உள்ளே வரும் குழாயை பம்பின் வாயோடு இணைக்கும் வட்டத் தகடுதான் அது. முதல் போல்ட்டுகள் கழன்றபோது முள் அசையவில்லை. சூப்பர்வைசர் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். பாதிக்கு மேல் கழற்றியபோது மேல் முள் லேசாக நகர்ந்தது. கடைசி இரண்டு போல்ட்டும் தளர்ந்தபோது 'டக்' என்று ஒரு சத்தம். ஃபிளாஞ்ச் கேஸ்கெட்டை விட்டுப் பிரிந்து ஒரு பக்கமாகத் தொங்கியது. மேல் முள் 0.32-ல் நின்றது. பக்கவாட்டு முள் 0.14. பம்ப் பக்கக் கப்ளிங் கீழே இறங்கியிருந்தது. யாரும் மோட்டாரைத் தொடவில்லை, பம்பின் கால் போல்ட்டைத் தொடவில்லை. ஒரு பைப்பைக் கழற்றியதற்கே பம்ப் தன் இடத்துக்குத் திரும்பிப் போய்விட்டது.

எனக்கு அது புரிய ஒரு நிமிடம் ஆனது. அந்த பம்பில் சக்‌ஷன் வாய் முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். பைப்பின் எடை அதன்மேல் தொங்கினால் மூக்குப் பக்கம் கீழே அழுந்தும், கப்ளிங் பக்கம் மேலே எழும்பும். இத்தனை நாளும் நாங்கள் மோட்டாரை நேராக்கிக்கொண்டிருந்தது வளைந்து நின்ற ஒரு பம்புக்கு. ஆறிய நிலையில், அந்த வளைவோடு சேர்த்து, லேசர் பச்சை காட்டியது. அது பார்த்தது இரண்டு ஷாஃப்டை மட்டும்தான். பம்பின் உள்ளே கேஸிங் முறுகியிருக்கிறதா, சீல் அறைக்கு நடுவில் ஷாஃப்ட் நிற்கிறதா என்பது அதற்குத் தெரிய வழியில்லை. சூடேறியபோது நிலைமை இன்னும் மோசம். 10 மீட்டர் இரும்புக் குழாய் 30 டிகிரியிலிருந்து 250 டிகிரிக்குப் போனால் இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் நீளும். அது எந்தப் பக்கம் தள்ளும் என்பதை பம்ப்தான் அனுபவித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். நான் போட்ட 0.18 கணக்கு, பம்ப் சும்மா தன் காலில் நிற்கிறது என்று நினைத்துக்கொண்டு போட்ட கணக்கு.

பிறகு பைப்பை ஆராய்ந்தபோது கதை தெளிவாகவே இருந்தது. எண்ணெயில் வரும் கரித்தூள் அடைக்கிறது என்று எப்போதோ ஒருமுறை சக்‌ஷன் லைனில் இருந்த ஸ்ட்ரெய்னர் என்ற வடிகட்டியை மாற்றிப் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். வளைவுக்கு அடியில் இருந்த சப்போர்ட்டை, எண்ணெய் வடிக்கும் டிரேக்கு இடம் வேண்டும் என்று வெட்டி எடுத்திருக்கிறார்கள். வெட்டிய அடையாளம் தரையில் அப்படியே இருந்தது. புது ஸ்ட்ரெய்னரின் எடை முழுக்க பம்பின் வாயில். போல்ட் துளைகளைப் பார்த்தால் ஒரு பக்கம் மரைத்தடம் பதிந்து தேய்ந்திருந்தது. செயின் பிளாக் போட்டு இழுத்து, துளைக்குள் கடப்பாரையை விட்டு நெம்பி, எப்படியோ போல்ட்டை ஏற்றியிருக்கிறார்கள். ஃபிளாஞ்ச் போல்ட் கையாலேயே விழ வேண்டும், நெம்பினால் தப்பு என்பது எந்த பைப் ஃபிட்டருக்கும் தெரியும். அன்றைக்கு அவருக்கு நேரம் கொடுக்கப்பட்டிருக்காது. அமெரிக்க பெட்ரோலியக் கழகத்தின் ஏபிஐ 686 என்ற நடைமுறை நூல் இதற்கு ஒரு அளவு வைத்திருக்கிறது: ஃபிளாஞ்சை இறுக்கும்போது கப்ளிங்கில் டயல் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும், 0.05 மி.மீ.க்கு மேல் அசையக் கூடாது. எங்களுடையது 0.32. ரிஃபைனரிகளுக்காக எழுதப்பட்டது அது, சாய ஆலைக்கு யார் அதைப் படிக்கிறார்கள். ஆனால் பம்புக்குத் தான் எந்த ஆலையில் இருக்கிறோம் என்பது தெரியாதே.

வேலையைச் செய்த விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பம்ப் பக்கத்து ஃபிளாஞ்சைத் தனியாக, இழுவை இல்லாமல் நிறுத்தி, குழாயின் ஒரு இணைப்பை வெட்டி அந்த நிலையிலேயே மறுபடி வெல்டிங் செய்தோம். வெல்டிங் எர்த்தை வெல்டிங்குக்குப் பக்கத்திலேயே மாட்டச் சொல்லி மூத்த ஃபிட்டர் கூடவே நின்றார். எங்கோ தூரத்தில் மாட்டினால் கரண்ட் பேரிங் வழியாகப் போய் பால்களைப் பொத்தலாக்கிவிடும். ஸ்ட்ரெய்னருக்கு அடியில் ஸ்பிரிங் சப்போர்ட். அசைந்து கொடுக்காத சப்போர்ட் போட்டால் சூட்டில் குழாய் கீழே நீள இடமில்லாமல் பம்பை மேலே நெம்பும். மறுபடி இறுக்கும்போது முள் 0.04-க்குள் நின்றது. அதற்கு அப்புறம்தான் பம்பின் கால்களைப் பார்த்தோம், ஒவ்வொரு போல்ட்டாகத் தளர்த்தி. ஒரு காலில் சாஃப்ட் ஃபுட் இருந்தது, அதாவது கால் அடியில் சரியாகப் படியவில்லை. பழைய துருப்பிடித்த ஷிம் தகடுகள் அப்பளம் மாதிரி அடுக்கடுக்காக. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஸ்டெயின்லெஸ் தகடு இரண்டு. கடைசியில்தான் மோட்டார். லேசர் குழுவைக் கூப்பிட்டு, வளர்ச்சிக் கணக்கையும் கொடுத்தோம். மோட்டார் வேலை மொத்தத்தில் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

அந்த சீல், அதே பம்பில் அதற்கு முன் எந்த சீலும் ஓடாத அளவுக்கு ஓடியது.

யாருடைய வேலை

இதற்கப்புறமும் எனக்குத் தீராமல் இருப்பது, இவ்வளவு காலம் ஏன் யாரும் ஃபிளாஞ்சைக் கழற்றிப் பார்க்கவில்லை என்பதுதான். யாருக்கும் தெரியாத விஷயம் இல்லை இது. பைப் இழுக்கிறது என்ற பேச்சு மெயின்டனன்ஸ் ரூமில் எப்போதும் அடிபடும். ஆனால் மோட்டாரை நகர்த்த நான்கு போல்ட்டும் ஒரு ஷிம் பெட்டியும் போதும். பைப்பை நகர்த்த வேண்டுமென்றால் எண்ணெய் ஆற வேண்டும், வடிக்க வேண்டும், வெல்டிங்குக்கு ஹாட் வொர்க் பர்மிட் வேண்டும், ஸ்டென்டர் நிற்க வேண்டும், புரொடக்‌ஷனிடம் சண்டை போட வேண்டும். அலைன்மென்ட் பாடப் புத்தகங்களே பம்பை நிலையான மெஷின் என்றும் மோட்டாரை நகரும் மெஷின் என்றும் பிரித்துத்தான் ஆரம்பிக்கின்றன. அது அளவெடுக்கும் வசதிக்காகச் சொன்னது. ஆலையில் அது, பம்ப் பக்கம் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்ற தீர்ப்பாக மாறிவிடுகிறது.

அதோடு, சிவில் ஆட்கள் கிரவுட் ஊற்றுவார்கள், பைப்பிங் கான்ட்ராக்டர் குழாய் போடுவார், இரண்டு பேரும் பில் வாங்கிப் போய்விடுவார்கள். அவர்கள் செய்ததெல்லாம் கடைசியில் வந்து தெரிகிற இடம் கப்ளிங். கூரை ஒழுகுவது ஓரிடம், சுவரில் ஈரம் காண்பது வேறோரிடம் என்கிற மாதிரி. அங்கே அலைன்மென்ட்காரர் மட்டும்தான் நிற்கிறார். அவரிடம் நாம் கொடுத்த வேலை என்ன? மோட்டாரை பம்புக்கு நேராக்கு. நேராக்கிக் கொடுத்தார். அந்த சர்வீஸ் குழுவின் மேல் ஆலையில் பலருக்குக் கோபம் இருந்தது, எனக்கு இல்லை. வளைந்த பம்புக்கு நேராக மோட்டார் வைக்கச் சொன்னது நாம்தான். புது பம்ப் வரும்போதும் இதே கதை. ஃபேக்டரியிலேயே அலைன்மென்ட் செய்து அனுப்பியிருக்கிறோம் என்று பேப்பர் வரும். லாரியில் குலுங்கி வந்து, பேஸ் ஃபிரேம் முறுகி, கிரவுட் ஊற்றி, பைப் மாட்டிய பிறகு அந்தப் பேப்பரால் என்ன பயன்? அதே நிறுவனத்தின் மேனுவலில், நிறுவிய பிறகு மறுபடி அலைன்மென்ட் செய்ய வேண்டும் என்றும் அச்சிட்டிருப்பார்கள். அந்தப் பக்கத்தை யாரும் திறப்பதில்லை.

இப்போது எங்கள் அலைன்மென்ட் ஃபார்மில் மேலே இரண்டு வரி சேர்த்திருக்கிறோம். சக்‌ஷன் ஃபிளாஞ்ச் தளர்த்தியபோது முள் எவ்வளவு அசைந்தது, டெலிவரி ஃபிளாஞ்ச் தளர்த்தியபோது எவ்வளவு. இந்த இரண்டும் நிரப்பாமல் கீழே உள்ள லேசர் எண்களுக்குக் கையெழுத்து கிடையாது. இதைப் பார்த்த சர்வீஸ் கான்ட்ராக்டர், ஃபிளாஞ்ச் கழற்றுவது எங்கள் ரேட்டில் இல்லை, தனியாகப் பில் போடுவோம் என்று கடிதம் கொடுத்திருக்கிறார். அவர் கேட்பதில் தவறில்லை. ஒரு கேஸ்கெட்டும் அரை ஷிஃப்ட் ஆள் கூலியும் ஒரு சீலின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது என்று பர்ச்சேஸுக்கு எழுதியிருக்கிறேன். பட்ஜெட்டில் சீலுக்குத் தலைப்பு இருக்கிறது, ஃபிளாஞ்ச் கழற்றுவதற்குத் தலைப்பு இல்லை என்று பதில் வந்தது. எந்தத் தலைப்பில் போடலாம் என்று இப்போது பேசிக்கொண்டிருக்கிறோம். இரண்டாம் நம்பர் பம்பிலும் அதே பெரிய ஸ்ட்ரெய்னர்தான் இருக்கிறது, அடியில் சப்போர்ட் இல்லை. அடுத்த ஷட்டவுன் பட்டியலில் முதல் வேலையாக அதை எழுதிக் கொடுத்திருக்கிறேன். புரொடக்‌ஷன் தேதி சொல்ல வேண்டும்.